டோக்கியோவா, சியோலா? போகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

வேலை நிமித்தமாக இந்த இரண்டு ஊர்களுக்கும் மாறி மாறிப் போய்வருகிறவன் நான். அதனால் உறவுக்காரர்கள், பழைய சக ஊழியர்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று யாராவது ஒருவர் கேள்விகளோடு வந்துகொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் விருப்பு வெறுப்பும் கலந்திருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படிக்கலாம்.

பக்கத்துப் பக்கத்து நாடுகளின் தலைநகரங்கள். ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்த்த மாதிரிதானே?

கணக்கைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். டோக்கியோ என்று பொதுவாகச் சொல்லப்படும் 23 வார்டுகளின் பரப்பு சுமார் 627 சதுர கி.மீ.; சியோல் 605 சதுர கி.மீ. இரண்டிலும் தொண்ணூறு லட்சத்துக்கு மேல் மக்கள். புறநகர்களையும் சேர்த்தால் டோக்கியோ வட்டாரம் 3.7 கோடியைத் தொடும், சியோல் வட்டாரம் 2.6 கோடியை. தென்கொரியர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் சியோலிலும் அதைச் சுற்றியும்தான் வாழ்கிறார்கள்.

தரையில் இறங்கி நடந்தால் ஒற்றுமை கலையத் தொடங்கும். டோக்கியோ ஒரு பெரும் சமவெளியில் பரந்து கிடக்கிறது. ஷின்ஜுகு, ஷிபுயா, இகேபுகுரோ, உவேனோ என்று ஒவ்வொரு பெரிய ரயில் நிலையத்தைச் சுற்றியும் ஒரு தனி நகரம் முளைத்திருக்கிறது. எது மையம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சியோலில் எந்தத் தெருமுனையில் நின்று நிமிர்ந்தாலும் ஒரு மலை தெரியும். நடுவே ஹான் ஆறு ஒரு கிலோமீட்டர் அகலத்தில் ஊரை வடக்கு, தெற்கு என்று பிளந்துகொண்டு ஓடுகிறது. வடக்கே அரண்மனைகளும் பழைய சந்தைகளும், தெற்கே கங்னம் பக்கத்து அடுக்குமாடிகளும் அலுவலகங்களும்.

ஆனால் எனக்குப் பட்ட முக்கியமான வித்தியாசம் நிலத்தில் இல்லை. டோக்கியோ தனி ஆளை மனத்தில் வைத்து அமைந்த ஊர். சியோல் நாலு பேராக வருகிறவர்களை எதிர்பார்க்கும் ஊர். சாப்பாட்டுக் கடையிலிருந்து பொதுக் குளியல் இடம் வரை இதைப் பார்க்கலாம்.

எந்த மாதம் போகலாம்?

அக்டோபர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் முடிய. சியோலில் இலைகள் முதலில் நிறம் மாறும். நவம்பர் முதல் வாரத்தோடு உச்சம் முடிந்துவிடும். டோக்கியோவின் கிங்கோ மரங்கள் நவம்பர் கடைசியில்தான் முழு மஞ்சளாகும். ஆகவே இரண்டையும் பார்க்கிறவர்கள் சியோலை முதலில் வைத்துக்கொள்வது நல்லது. செர்ரிப் பூக்களுக்கு இந்த வரிசை தலைகீழ்: டோக்கியோவில் மார்ச் கடைசி, சியோலில் ஏப்ரல் முதல் பத்து நாள்.

சியோலின் வசந்த காலத்தில் வடமேற்கிலிருந்து அடிக்கும் மஞ்சள் புழுதியும் நுண்தூசியும் சில நாள்களைக் கெடுக்கும். ஜூன், ஜூலை இரண்டிலும் மழை. ஆகஸ்ட்டில் இரண்டிலும் புழுக்கம். சென்னைக்காரருக்கு அது புதிதில்லை என்பதால் பணம் கொடுத்துப் போய் அனுபவிக்க வேண்டியதில்லை. குளிரில் மட்டும் இரண்டும் ஒன்றில்லை. டோக்கியோவின் ஜனவரி வெயிலும் தெளிந்த வானமுமாக இருக்கும், ஒரு நல்ல கோட்டு போதும். சியோலில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை போகும். அப்போதும் அங்கே இளைஞர்கள் ஐஸ் போட்ட காபியைக் கையில் பிடித்துக்கொண்டு போவதைப் பார்க்கலாம். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

சந்திர நாள்காட்டிப்படி வரும் கொரியப் புத்தாண்டு, சூசொக் பண்டிகை, ஜப்பானின் ஏப்ரல்–மே தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபொன் நாள்கள் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

விசா?

இந்திய பாஸ்போர்ட்டுக்கு இரண்டு நாடுகளுக்கும் தனித்தனி விசா வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றது தானாகக் கிடைக்காது. இந்த விதிகள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தைப் பார்த்துவிடுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்க முடியுமா?

தாராளமாக. இரண்டிலும் ஒரே நேரம்தான், இந்தியாவைவிட மூன்றரை மணி முன்னால். விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரே நிபந்தனை: சியோலில் கிம்போ விமான நிலையம், டோக்கியோவில் ஹனேடா விமான நிலையம் என்று பார்த்து டிக்கெட் எடுங்கள். இரண்டும் ஊருக்குள்ளேயே இருப்பவை மாதிரி. மற்ற விமான நிலையங்களில் இஞ்சியோன் சியோலிலிருந்து சுமார் 50 கி.மீ.; நரிட்டா டோக்கியோவிலிருந்து 60 கி.மீ.க்கு மேல். அங்கே மிச்சப்படுத்தும் காசு பாதிநாளைத் தின்றுவிடும்.

எந்த ஊர் ரயிலில் குழப்பம் குறைவு?

சியோல். சந்தேகமே இல்லை.

டோக்கியோ 1927இல் முதல் சுரங்க ரயிலை ஓட்டிய ஊர். அந்த முதிர்ச்சியே சிக்கலும் ஆகிவிட்டது. டோக்கியோ மெட்ரோ ஒரு நிறுவனம், தோஎய் இன்னொன்று, ஜேஆர் வேறு, அது போக தனியார் ரயில்கள் பல. ஒன்றிலிருந்து வெளியேறி மற்றதில் ஏறினால் பெரும்பாலும் புதிதாகக் கட்டணம் தொடங்கும். சுயிகா அல்லது பாஸ்மோ அட்டை இருந்தால் கணக்கு தானாக நடக்கும், ஆனால் பணம் போவது போய்க்கொண்டேதான் இருக்கும். ஷின்ஜுகு நிலையத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட வாசல்கள். தவறான வாசலில் வெளியே வந்தால், போக வேண்டிய கட்டடம் கண்ணெதிரே தெரியும், நடுவே பத்துத் தண்டவாளம் இருக்கும். கிளம்பும் முன்பே வாசலின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சியோலின் முதல் சுரங்க ரயில் 1974இல்தான் வந்தது. 2004இல் பஸ்களையும் ரயிலையும் ஒரே கட்டண முறைக்குள் கொண்டுவந்தார்கள். ரயிலிலிருந்து இறங்கி அரைமணி நேரத்துக்குள் பஸ் ஏறினால் புதுக்கட்டணம் இல்லை, மொத்த தூரத்துக்குத்தான் கணக்கு. அதற்கு ஒரு விதி: பஸ்ஸிலிருந்து இறங்கும்போதும் டி-மணி என்ற பயண அட்டையைக் கருவியில் காட்ட வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் கதவு திறந்ததும் குதித்துவிடுகிறோம். அப்படிச் செய்தால் அந்தச் சலுகை போய்விடும். பஸ்களுக்கு நிறம் உண்டு. நீலம் நெடுந்தூரம், பச்சை உள்ளூர், சிவப்பு புறநகர். நிலைய வாசல்கள் எல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களே. சியோல்காரர்கள் சந்திக்கும் இடத்தை நிலையப் பெயரும் வாசல் எண்ணுமாகத்தான் சொல்வார்கள்.

இரண்டிலும் ஊரைச் சுற்றும் ஒரு வட்டப்பாதை உண்டு. டோக்கியோவின் யமனோதே 34.5 கி.மீ., 30 நிலையங்கள், ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடும். சியோலின் இரண்டாம் எண் பாதை கிட்டத்தட்ட 49 கி.மீ., ஒன்றரை மணி நேரம். முதல் நாள் அசதியில் எங்கும் போகத் தோன்றாவிட்டால் இந்த ரயில்களில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளுங்கள். யமனோதே முழுக்கத் தரைக்கு மேலே ஓடுவதால் காட்சி கூடுதல். சியோல் ரயில் பெரும்பகுதி இருட்டில் போகிறது. ஆனால் ஆற்றைக் கடக்கும் அந்தச் சில நிமிடம் பெட்டிக்குள் வெளிச்சம் பாயும்போது, போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்கூடத் தலை நிமிர்கிறார்கள்.

நள்ளிரவுக்குப் பிறகு?

இரண்டிலும் பன்னிரண்டு, பன்னிரண்டரையை ஒட்டி ரயில்கள் ஓய்ந்துவிடும். சியோலில் 2013 முதல் ஆந்தை பஸ் என்று விடியும்வரை ஓடும் இரவு பஸ்கள் இருக்கின்றன, எண்ணுக்கு முன்னால் என் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். டாக்ஸியும் அங்கே மலிவு. டோக்கியோவில் கடைசி ரயிலை விட்டால் டாக்ஸிக்குத் தண்டம் அழ வேண்டியதுதான். கதவை மட்டும் நீங்கள் தொட வேண்டாம். ஓட்டுநர் உள்ளிருந்தே திறந்து மூடுவார்.

கூகுள் மேப்ஸ் இருக்கிறதே, வழி கண்டுபிடிப்பதில் என்ன கஷ்டம்?

டோக்கியோவில் அது போதும். எந்தப் பெட்டியில் ஏறினால் படிக்கட்டு பக்கம் என்பதுவரை சொல்லும். கொரிய அரசு துல்லியமான வரைபடத் தரவுகளை வெளிநாட்டு சர்வர்களுக்குக் கொண்டுபோக நெடுங்காலம் அனுமதிக்காததால், சியோலில் கூகுள் நடைவழி காட்டத் திணறிவந்திருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் நேவர் மேப், காகாவோ மேப் இரண்டையும்தான் பயன்படுத்துகிறார்கள். நேவரில் ஆங்கிலம் உண்டு. ஊரில் இருக்கும்போதே போட்டுக்கொண்டு பழகிவிடுங்கள்.

முகவரி விஷயம் சுவாரசியமானது. டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லை. முகவரியில் வட்டாரம், அதற்குள் பகுதி எண், கட்ட எண், கட்டட எண் என்று வரும். எண்கள் தெருவோடு போகாமல் கட்டத்தைச் சுற்றிப்போகும். உள்ளூர்க்காரரே தடுமாறுகிறார் என்பதால்தான் தெருமுனைக் காவல் சாவடியில் சுவர் அளவுக்கு வட்டார வரைபடம் மாட்டியிருக்கிறார்கள். வழி சொல்வது அந்தக் காவலர்களின் அன்றாட வேலைகளில் ஒன்று. சியோலும் இதே முறையில்தான் இருந்தது. 1910 முதல் 1945 வரை கொரியாவை ஆண்ட ஜப்பானியர், நிலத்தை அளந்து போட்ட எண்களே முகவரியாக நிலைத்துவிட்டிருந்தன. 2014இல் கொரியா அதைக் கைவிட்டுத் தெருப்பெயர் முறைக்கு முழுமையாக மாறியது. இப்போது சியோலில் இரட்டைப்படை ஒரு பக்கம், ஒற்றைப்படை மறுபக்கம் என்று வீடுகள் ஒழுங்காக வருகின்றன. முதியவர்கள் மட்டும் இன்னும் பழைய எண்ணைச் சொல்கிறார்கள் என்று ஒரு டாக்ஸி ஓட்டுநர் குறைப்பட்டுக்கொண்டார்.

எழுத்துத் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

இரண்டிலும் ரயில் நிலையப் பலகைகளில் ஆங்கிலம் இருக்கிறது. கடைக்குள் போனால்தான் பிரச்சினை. கொரிய எழுத்தை ஒரு வார இறுதியில் கற்றுக்கொண்டுவிடலாம்; 15ஆம் நூற்றாண்டில் மன்னர் செஜோங் சாமானியர்கள் கற்பதற்காகவே உருவாக்கியது அது. பொருள் தெரியாவிட்டாலும் உணவுப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தாலே பாதிக் கவலை தீரும். ஜப்பானியத்தில் மூன்று வகை எழுத்து கலந்து வருவதால் அந்த ஆசை வேண்டாம். போன் கேமராவை நீட்டுங்கள்.

நான் சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?

இந்தக் கேள்விக்குத்தான் நேர்மையாக நீண்ட பதில் சொல்ல வேண்டும். இரண்டு ஊரிலும் இறைச்சியைத் தவிர்ப்பது எளிது, மீனைத் தவிர்ப்பது கடினம்.

டோக்கியோவில் சிக்கல் குழம்பின் அடியில் இருக்கிறது. தாஷி என்ற அடிப்படைச் சாறு பெரும்பாலும் உலர்ந்த கட்சுவோ மீனைச் சீவிக் கொதிக்கவைத்தது. சோபா, உடோன் நூடுல்ஸ், மிசோ சூப், காய்கறி பஜ்ஜி மாதிரியான தெம்புராவுக்குத் தரும் தொட்டுக்கொள்ளும் சாறு, ஏன், இனிப்பாக இருக்கும் இனாரி சூஷியின் டோஃபு உறையில்கூட அது இருக்கும். தட்டில் ஒரு துண்டு மீன் இருக்காது. ஆனால் சைவமும் இல்லை. சியோலில் சிக்கல் கிம்ச்சி என்ற முட்டைக்கோஸ் ஊறுகாயில். வழக்கமான கிம்ச்சியில் உப்பிலிட்ட இறாலோ மீன் சாறோ போட்டிருப்பார்கள். மேசைக்கு வரும் தொடுகறிகளில் நெத்திலி, மீன் அப்பளம் போன்ற ஒன்றிரண்டு இருக்கும், ஆனால் கீரை, முளைப்பயறு, உருளைக்கிழங்கு என்று கண்ணுக்குத் தெரிகிற காய்கறிகளும் உடன் வரும்.

சியோலில் கேட்டு வாங்கக்கூடியவை: இறைச்சியை நீக்கிய பிபிம்பாப் (காய்கறி கலந்த சோறு), கோடையில் கிடைக்கும் சோயாப் பால் குளிர் நூடுல்ஸ், ஹாமும் மீன் பட்டையும் போடாத கிம்பாப் (கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு). சோக்யேசா கோயிலும் இன்சாடோங் தெருவும் இருக்கும் பகுதியில் பௌத்த மடங்களின் சமையல் முறையில் சமைக்கும் உணவகங்கள் உண்டு. பூண்டு, வெங்காயமும் சேர்க்க மாட்டார்கள். விலை கூடுதல், ருசி மென்மை. 1905இல் தொடங்கிய குவாங்ஜாங் சந்தைக்குக் கட்டாயம் போங்கள். அங்கே நடுப்பாதையில் கல் இயந்திரம் சுழன்று ஊறவைத்த பச்சைப்பயறை அரைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். கையுறை போட்ட பாட்டிமார் அந்த மாவில் முளைப்பயறைக் கலந்து, எண்ணெய் குளமாக நிற்கும் கல்லில் கனமாக வார்த்து, ஓரம் சிவக்கும்வரை திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். பிண்டேட்டொக் என்று பெயர். நம் அடைக்கு அண்ணன் என்றே சொல்லலாம். பன்றி இறைச்சி சேர்ப்பவர்களும் உண்டு, கேட்டுக்கொண்டு உட்காருங்கள்.

டோக்கியோவில் எனக்குக் கைகொடுப்பது தென்னிந்திய உணவகங்கள்தான். எடொகாவா வார்டில் நிஷிகசாய் என்ற பகுதியில் இந்தியக் கணினிப் பொறியாளர் குடும்பங்கள் 2000ஆம் ஆண்டை ஒட்டிக் குடியேறத் தொடங்கினார்கள். இன்று மாவு, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் அங்கே கிடைக்கின்றன. மதியச் சாப்பாட்டுத் தட்டில் ரசமும் பொரியலும் வைத்து, அப்பளத்தை நொறுக்கிக் கலந்து சாப்பிடுகிற ஜப்பானியர்களைப் பார்க்கலாம். சியோலில் இந்திய உணவு என்றால் இத்தேவோன் பக்கம், பெரும்பாலும் வட இந்தியச் சமையல். சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலும் கார்த் தொழிற்சாலைகளைச் சுற்றி வந்த கொரிய உணவகங்களில் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு சியோலின் காரம் அந்நியமாகத் தோன்றாது.

ஆகமொத்தம் கண்டிப்பாகச் சைவம் மட்டும் சாப்பிடுகிறவருக்கு டோக்கியோவில் கடை கிடைக்கும், சியோலில் பண்டம் கிடைக்கும்.

தனியாகப் போகிறேன். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு மாதிரிப் பார்ப்பார்களா?

டோக்கியோவில் பார்க்க ஆளே இருக்காது. பல கடைகளில் நாற்காலிகள் சுவரையோ சமையல்காரரையோ பார்த்தபடிதான் போடப்பட்டிருக்கும். வாசலில் இயந்திரத்தில் காசு போட்டுச் சீட்டு வாங்கி, அதை நீட்டி, பதினைந்து நிமிடத்தில் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டு வெளியேறலாம். ராமென் கடைகளில் இரு பக்கமும் தடுப்பு வைத்தவைகூட உண்டு.

சியோலில் கறி சுடும் கடைக்குப் போனால் குறைந்தது இரண்டு பேருக்கான அளவு கேட்க வேண்டும் என்பார்கள். அடுப்பு மேசை நடுவில் இருக்கிறது, தொடுகறிகள் நடுவில் இருக்கின்றன, கொதிக்கும் குழம்புச் சட்டி நடுவில் இருக்கிறது. எல்லாரும் அதைச் சுற்றித்தான் உட்கார வேண்டும். ஒற்றை ஆளைக் கண்டால் சில கடைக்காரம்மாக்கள் நெரிசல் நேரத்தில் முகம் சுளிப்பது உண்மை. தனியாகச் சாப்பிடும் வழக்கம் இளைஞர்களிடம் வேகமாகப் பரவுவதால் இது குறைந்துவருகிறது. கூட்டமாகப் போனாலோ சியோல் மாதிரி உபசரிக்கும் ஊர் கிடையாது: தொடுகறி தீர்ந்தால் கேட்டு வாங்கலாம், காசு இல்லை. டோக்கியோவின் மதுக்கூடங்கள் சிலவற்றில் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் கறியை வைத்து அதற்கும் பில் போடுவார்கள்.

மேசையில் கவனிக்க வேண்டியது?

ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் ஏந்திச் சாப்பிடுவது மரியாதை. கொரியாவில் அது மேசையிலேயே இருக்க வேண்டும். சோற்றுக்குக் கரண்டி, கறிக்கு உலோகக் குச்சிகள். மேசைக்கு அடியில் இழுப்பறை இருக்கிறதா என்று பாருங்கள், கரண்டியும் குச்சியும் அதற்குள்தான் இருக்கும். இரண்டிலும் சோற்றில் குச்சிகளை நட்டுவைக்கக் கூடாது. இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை அது. இரண்டிலும் டிப்ஸ் கிடையாது.

எதில் செலவு அதிகம்? ரொக்கம் வேண்டுமா?

டோக்கியோ என்றால் கொள்ளை விலை என்ற பேச்சு பழங்கதை. 2022 முதல் யென் மதிப்பு இறங்கியதில், சாதாரண மதியச் சாப்பாட்டில் சியோலைவிட டோக்கியோ மலிவாகக்கூட அமைகிறது. சியோலில் பழமும் காபியும் விலை கூடுதல். ஆனால் அந்தக் காபிக் கடைகள் மூன்று நான்கு மாடி உயர்ந்தவை. ஒரு கோப்பையோடு மாலைவரை உட்கார்ந்து படிக்கலாம். மேசையைப் பிடித்துவைக்க லேப்டாப்பை வைத்துவிட்டு எழுந்துபோகிறார்கள், யாரும் தொடுவதில்லை. போக்குவரத்தும் சியோலில் மலிவு. ஓட்டல் அறைகள் இரண்டிலும் பருவத்தைப் பொறுத்தவை. டோக்கியோ அறையில் பெட்டியைத் திறக்க இடம் இருந்தால் அதிர்ஷ்டம்.

சியோலில் கிட்டத்தட்ட எல்லாக் கடையிலும் கார்டு. வேடிக்கை என்னவென்றால் டி-மணி அட்டையில் பணம் ஏற்ற நிலைய இயந்திரம் பெரும்பாலும் ரொக்கம்தான் கேட்கும். டோக்கியோவின் சின்னக் கடைகள், கோயில்கள், சீட்டு இயந்திரங்களுக்குச் சில்லறை அவசியம்.

பிளக்?

கொரியாவில் 220 வோல்ட், நம் ஊர் மெல்லிய உருண்டை இரட்டைமுனை சார்ஜர் பொருந்திவிடும். ஜப்பானில் 100 வோல்ட், தட்டை முனை, மாற்றி வேண்டும்.

பழைய கட்டடங்கள் பார்க்க எது நல்லது?

இரண்டுமே பலமுறை எரிந்த ஊர்கள். டோக்கியோவை 1923 நிலநடுக்கமும் 1945 குண்டுவீச்சும் அழித்தன. சியோல் கொரியப் போரின் முதல் ஓராண்டுக்குள் நான்கு முறை கைமாறியது. ஆகவே பழமை என்று காட்டப்படுவதில் பெரும்பகுதி மறுபடி கட்டியதே. 1395இல் எழுந்த க்யொங்போக்குங் அரண்மனை 1592இல் எரிந்து, 19ஆம் நூற்றாண்டில் மீண்டது. இப்போதும் கட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். கொரியப் பாரம்பரிய உடையில் போனால் நுழைவு இலவசம் என்பதால் வாடகை உடையில் உலகமே அங்கே உலவுகிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. டோக்கியோவில் எடோ கோட்டையின் பெரிய கோபுரம் 1657 தீயில் போனது. அதை அவர்கள் திரும்பக் கட்டவே இல்லை. கல் மேடை மட்டும் அரண்மனைத் தோட்டத்தில் இருக்கிறது.

இரண்டு ஊரையும் கோத்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். டோக்கியோ ரயில் நிலையத்தின் செங்கல் முகப்பைப் பாருங்கள். 1914இல் திறந்தது, கட்டடக் கலைஞர் தத்சுனோ கிங்கோ. பிறகு சியோலில் மியோங்டோங் கடைவீதிக்கு அருகே இருக்கும் பழைய மத்திய வங்கிக் கட்டடத்தைப் பாருங்கள். 1912இல் முடிந்தது, இப்போது நாணய அருங்காட்சியகம். அதை வரைந்தவரும் தத்சுனோதான். ஆள வந்தவர்கள் தங்கள் ஊர்க் கலைஞரையும் கூட்டிவந்திருக்கிறார்கள். க்யொங்போக்குங் அரண்மனையின் முன்புறத்தை மறித்துக் கட்டிய ஜப்பானிய ஆட்சித் தலைமையகத்தையோ, விடுதலையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளான 1995 ஆகஸ்ட் 15 அன்று கொரியர்கள் இடிக்கத் தொடங்கினார்கள். வங்கி நிற்கிறது, தலைமையகம் போய்விட்டது. எதை வைத்துக்கொள்வது என்பதில் சியோலுக்கு ஒரு தெளிவு இருக்கிறது.

இடிப்பதைப் பற்றிப் பேசும்போது இரண்டு மேம்பாலங்களையும் சொல்லவேண்டும். டோக்கியோவின் நிஹொன்பாஷி, பழைய நெடுஞ்சாலைகள் ஐந்தும் புறப்பட்ட பாலம். ஜப்பானின் சாலைத் தூரங்கள் இன்றும் அங்கிருந்துதான் கணக்கிடப்படுகின்றன. 1911இல் கட்டிய அழகான கற்பாலம் அது. 1964 ஒலிம்பிக்ஸ் அவசரத்தில், 1963இல் அதன் தலைக்கு மேலேயே விரைவுச் சாலையைப் போட்டுவிட்டார்கள். வெண்கல விலங்குகள் அன்றுமுதல் கான்கிரீட்டின் அடிவயிற்றைப் பார்த்தபடி நிற்கின்றன. சாலையை நிலத்தடிக்குக் கொண்டுபோகும் வேலை இப்போது நடக்கிறது. மேலிருப்பதை அகற்றி முடிக்க 2040 ஆகும் என்று திட்டம். சியோலில் சொங்க்யேசொன் ஓடையை மூடி அதன்மேல் சாலையும் மேம்பாலமும் போட்டிருந்தார்கள். 2003இல் இடிக்கத் தொடங்கினார்கள், 2005இல் சுமார் 5.8 கி.மீ. ஓடை திறந்துவிட்டது. அதை நடத்திய மேயர் லீ மியுங் பாக் பின்னாளில் நாட்டின் அதிபரானார். ஓடுவது ஹான் ஆற்றிலிருந்து பம்பு வைத்து ஏற்றிய தண்ணீர், அதனால் இது ஓடையே இல்லை, நீளமான நீரூற்று என்று கேலி செய்கிறவர்களும் உண்டு. ஜூலை மாலையில் அலுவலகம் விட்டு வந்து காலணியைக் கழற்றி அதில் காலை நனைப்பவர்களுக்கு அந்த விவாதம் கேட்பதில்லை. அவசரம் கெட்டது என்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்கு சியோலின் அவசரம்தான் பிடித்திருக்கிறது.

இந்திய வரலாற்றோடு தொடர்புள்ள இடம் ஏதாவது?

டோக்கியோவில் உண்டு. பிரிட்டிஷ் போலீசிடமிருந்து தப்பி 1915இல் ஜப்பான் வந்த ராஷ் பிஹாரி போஸுக்கு ஷின்ஜுகுவின் நகமுராயா ரொட்டிக்கடைக் குடும்பம் அடைக்கலம் தந்தது. அவர் அந்த வீட்டு மருமகனானார். 1927இல் அங்கே அறிமுகமான இந்தியக் கறி இன்னும் அந்தப் பெயரில் விற்கிறது. 1943இல் சிங்கப்பூரில் அவர் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்த இந்திய விடுதலை இயக்கத்தில்தான் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் சேர்ந்தார்கள். நேதாஜியின் அஸ்தி என்று பாதுகாக்கப்படுவது சுகினாமி வார்டின் ரென்கோஜி கோயிலில் இருக்கிறது. முற்றத்தில் அவருடைய மார்பளவுச் சிலை.

மலை ஏற, ஆற்றங்கரையில் உட்கார?

சியோலை விடாதீர்கள். புகான்சான் தேசியப் பூங்காவின் 836 மீட்டர் உச்சிக்கு நகரப் பஸ்ஸில் போய் இறங்கி ஏறலாம். ஞாயிறு காலை, அறுபது வயதைத் தாண்டிய அம்மாமார் பளபளக்கும் உடையும் கைத்தடியுமாகக் கும்பல் கும்பலாக உங்களை முந்திப் போவார்கள். பாறைமேல் உட்கார்ந்து வெள்ளரியும் ஆரஞ்சும் பிரித்துத் தருவார்கள். வேண்டாம் என்றால் விடமாட்டார்கள். ஏற முடியாதவர்களுக்கு 1396இல் எழுந்த 18.6 கி.மீ. கோட்டைச் சுவரில் ஒரு துண்டு போதும், நக்சான் பக்கம் எளிது. மாலையில் ஹான் ஆற்றங்கரைப் பூங்காவுக்குப் போனால், கடை வாசல் இயந்திரத்தில் நூடுல்ஸ் வேகவைத்துக்கொண்டு பாய் விரித்து உட்காரலாம்.

டோக்கியோவில் ஷின்ஜுகுவிலிருந்து ஒரு மணி நேரத்தில் 599 மீட்டர் தகாவோ மலை இருக்கிறது. நல்ல மலைதான், வரிசையில் நின்று ஏற வேண்டும். அந்த ஊரின் இன்பம் வேறு: பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வாசலெல்லாம் பூந்தொட்டி வைத்த, இரண்டு ஆள் அகலச் சந்துகள். யனாக்கா பக்கம் நடந்து பாருங்கள். தனியாக.

குப்பைத் தொட்டியே இல்லையாமே?

இரண்டிலும் அரிது. இரண்டுக்கும் ஆண்டு 1995 என்பது தற்செயல். டோக்கியோவில் அந்த மார்ச்சில் சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் கும்பல் சாரின் வாயுவைப் பரப்பிய பிறகு தொட்டிகளை எடுத்தார்கள். கொரியாவில் அந்த ஜனவரியில் வீட்டுக் குப்பைக்குக் காசு கொடுத்துப் பை வாங்கும் சட்டம் வந்தது. மக்கள் வீட்டுக் குப்பையைத் தெருத்தொட்டியில் கொட்டத் தொடங்க, மாநகராட்சி தொட்டிகளைக் குறைத்துவிட்டது. பையில் ஒரு கவர் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலநடுக்கம், வடகொரியா... பயமாக இல்லையா?

டோக்கியோவில் சிறு அதிர்வு சகஜம். பலமானது வரும் முன் எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் அலறும். மேசைக்கு அடியில் போங்கள், வெளியே ஓடாதீர்கள். வடகொரிய எல்லை சியோலிலிருந்து 40, 50 கி.மீ.தான். சுரங்க ரயில் நடைமேடைகளில் கண்ணாடி அலமாரிக்குள் முகமூடிகளும் டார்ச்சும் அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் சாய்ந்துகொண்டு பிள்ளைகள் விளையாட்டு வீடியோ பார்க்கிறார்கள். அங்கேயும் போன் அலறும், பெரும்பாலும் வெப்ப அலை, காணாமல்போன முதியவர் பற்றிய அறிவிப்புகளுக்கு.

மக்கள் எப்படி?

டோக்கியோ ரயிலில் போன் பேசினால் குற்றம் செய்தவனைப் போல் உணர்வீர்கள். சியோலில் பேசுகிறார்கள், இடித்துக்கொண்டும் போகிறார்கள், இடித்ததற்கு நின்று வருத்தம் தெரிவிப்பதில்லை. அதில் பகை ஒன்றும் இல்லை. ஆனால் பெட்டி நிரம்பி வழிந்தாலும் முதியோர் இருக்கையில் இளைஞர் உட்கார மாட்டார். எஸ்கலேட்டரில் டோக்கியோவில் இடப்பக்கம், சியோலில் வலப்பக்கம் நிற்பது வழக்கம். வண்டிகளும் அப்படியே: ஜப்பானில் நம்மைப் போல இடது, கொரியாவில் வலது. சாலையைக் கடக்கும்போது கழுத்தை மாற்றித் திருப்புங்கள்.

பொதுக் குளியல் இடத்துக்குப் போகலாமா?

கூச்சம் இல்லையென்றால். இரண்டிலும் ஆண், பெண் தனித்தனி, துணி கூடாது, முதலில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். டோக்கியோவின் சென்டோ அத்தோடு முடிந்தது. பச்சை குத்தியவர்களை அனுமதிக்காத இடங்கள் உண்டு. சியோலின் ஜிம்ஜில்பாங்கில் குளித்த பின் பருத்தி உடை தருவார்கள். அதைப் போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாகச் சூடான தரையில் படுத்து, அவித்த முட்டை உரித்துத் தின்று, டிவி பார்த்து, அப்படியே இரவு தூங்கிவிடுகிறார்கள். ஓட்டல் கிடைக்காத இரவில் அங்கே படுக்கலாம். குறட்டைக்கு உத்தரவாதம் உண்டு.

பெட்டிகளை என்ன செய்வது?

டோக்கியோவில் சுமக்காதீர்கள். விமான நிலையத்திலேயே தக்யூபின் என்ற பெட்டி அனுப்பும் சேவையின் கவுன்ட்டரில் ஒப்படைத்தால் மறுநாள் ஓட்டலுக்கு வந்துவிடும். முதல் இரவுக்கு வேண்டியதை மட்டும் தோள்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். சியோலில் நிலைய லாக்கர்கள் ஏராளம், கார்டும் ஏற்கும். ஆனால் எல்லா வாசலிலும் லிஃப்ட் இருக்காது. ஓட்டல் பதிவுசெய்யும்போதே லிஃப்ட் உள்ள வாசல் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.